தோப்புக்கு முதலாளி இல்லை

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரியின் போனில் குயில் கூவியது. அவள் எடுத்துப் பார்த்து "ஐயோ சாமி" என்று நெஞ்சில் கை வைத்தாள். தனியாகப் பயப்பட மனசு வரவில்லை போலிருக்கிறது, போனை அப்படியே மலர்கொடியின் பக்கம் திருப்பினாள்.

"பாத்தீங்களாக்கா இவன? சாக்குல தலமுடி வச்சிருக்கானாம். பலூனக் காட்டி புள்ளைங்கள கூப்புடுறானாம். ரெண்டு புள்ளைய காணுமாம்."

மலர்கொடி பார்த்தாள். புதிதாகப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? அவள் எடுத்த படம். ஓரத்தில் கறுப்பாகத் தெரிவது அவள் ஆயா வேலை பார்க்கும் பால்வாடியின் ஜன்னல் கம்பி. கீழே நாலு வரி. மூன்று வரி அவளே தட்டியது. நாலாவதை, பிள்ளைகள் காணாமல் போன வரியை, போகிற வழியில் எந்தப் புண்ணியவானோ சேர்த்திருந்தான். அவள் பெயர் மட்டும் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அதை அவள் அழித்து ஐம்பத்து நாலு நாள் ஆகிறது. தன் கையாலேயே அழித்தாள். "நிச்சயமாக அழிக்கவா?" என்று போன் கேட்டதற்கு "ஆம்" என்றும் அழுத்தினாள். அழித்த சாமான் இங்கே அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

"அது பொய்யிம்மா," என்றாள். "அவரு முடி வாங்குற ஆளு. பொம்பளைங்க சீவிப் போடுற முடிய வாங்கிக்கிட்டு பாத்திரம் குடுப்பாங்கல்ல, அந்த ஆளு."

"உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

நாந்தான் போட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வாய் வரைக்கும்தான் வந்தது. "தெரியும்," என்றாள். அந்தப் பெண் இவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். வெளியே சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. மலர்கொடி தன் மஞ்சப்பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் அவளுடைய தலைமுடி. ஆறேழு மாதமாகச் சீப்பில் வந்ததைச் சுருட்டிச் சுருட்டி டப்பாவில் போட்டு வைத்திருந்தது. படத்தில் இருக்கிற அந்த மனிதரைப் பார்க்கக் கிளம்பும்போது வெறுங்கையோடு போக முடியாமல் அதைத்தான் எடுத்துக்கொண்டாள். பழம் வாங்கிப் போகலாம்தான். கை ஒடிந்தவனுக்குப் பழம் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போன சொந்தக்காரி மாதிரி இருக்கும், அந்த உரிமை தனக்கு ஏது என்று தோன்றியது.

அவள் ஊர் வேப்பந்தட்டைக்கு, போனில் பார்க்கிற இந்தத் தோப்பு வந்து ரெண்டு வருஷம் இருக்கும். அதற்கு முன்னால் ஊரே ஒரு பெரிய கம்பெனியின் போன் ஆப்பில்தான் படமும் செய்தியும் போட்டுக்கொண்டு கிடந்தது. ஒருநாள் அந்தக் கம்பெனி என்ன நினைத்ததோ, ஊரில் பாதிப் பேரின் கணக்கைப் பூட்டிவிட்டது. மக்காச்சோள வியாபாரி, டைலர், பால்வாடி டீச்சர் ஜெயசுதா என்று ஒருத்தரையும் விட்டு வைக்கவில்லை. ஏன் என்று கேட்க ஒரு மனுஷப் பிறவி கிடையாது. எழுதிப் போட்டால் மிஷின் நன்றி சொல்லும். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கலையரசன், கடையின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டரை ஓடவிட்டு, இதுதான் நம்ம ஊர்த் தோப்பு என்றான். ஊருக்கு ஒரு தோப்பு. பெரம்பலூருக்கு ஒன்று, அரியலூருக்கு ஒன்று, ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடத்துகிற ஆள் தனித்தனி, ஆனால் ஒன்றில் போட்டால் மற்றதெல்லாவற்றிலும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற முதலாளி என்று யாரும் இல்லை. "இனிமே நம்மள எவனும் பூட்ட முடியாதுக்கா" என்று அவன் சொன்னபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! மலர்கொடிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பருத்தி விலை அதில் வந்தது, ரேஷனில் பருப்பு போடுவது அதில் வந்தது, சாவுச் செய்தி வந்தது. கட்சிக்காரர்கள் வந்தார்கள், கல்யாண மண்டபத்துக்காரர்கள் வந்தார்கள், கோயில் கமிட்டி வந்தது. புதிதாக ஏதாவது வந்தால் போன் குயில் மாதிரிக் கூவும். ஒரே வருஷத்தில் குயில் கூவாத வீடு இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டுத் தட்டு, பதினேழு பிள்ளைகள். பக்கத்துத் தெரு வேணியின் மகனைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பையன் கேட்டுக்கு வெளியே நிற்கிறான், முகத்தில் துண்டு கட்டிய ஒரு ஆள் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, துண்டை இறக்கிவிட்டு, பலூன் ஊதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் டிவிஎஸ் பிப்டி. அதில் கட்டியிருந்த சாக்கின் வாயிலிருந்து ஒரு முழு ஜடை, ரிப்பனோடு, வெளியே தொங்கியது. அதைப் பார்த்ததும் இவள் பாதி உரித்த முட்டையை அப்படியே போட்டுவிட்டாள்.

முடிக்காரர்களைப் பார்க்காதவளா அவள்? வழக்கமாக வருகிற கிழவர் மைக்கில் கத்திக்கொண்டே தெருவுக்குள் நுழைவார். இந்த ஆள் சத்தமே இல்லாமல் வந்திருந்தார். மைக்கில் சார்ஜ் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முடிக்காரர்கள் எந்த ஊரிலும் முதலில் பிள்ளைகளிடம்தான் சொல்லி அனுப்புவார்கள், "அம்மாகிட்ட முடி வாங்கியா, பலூன் தரேன்" என்று. அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தது எல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ. கேட்டைத் திறந்து "யாருங்க நீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவள் போனை எடுத்தாள். படம் எடுத்துவிட்டு வெளியே ஓடிவருவதற்குள் வண்டி போய்விட்டது. பையனைக் கேட்டால், "முடி கேட்டாரு" என்றான். அவ்வளவு போதுமாக இருந்தது. முட்டை ஓடு ஒட்டிய விரலாலேயே தட்டிப் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் மூவாயிரம் பேர் எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். உங்களை மாதிரி ஆயா எல்லா பால்வாடிக்கும் வேண்டும் என்று யாரோ எழுதியிருந்ததை, வீட்டுக்காரரிடம் ரெண்டு தடவை வாசித்துக் காட்டினாள். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் வேணி புதுத் தூக்குவாளியோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா இப்புடிப் பண்ணிட்ட! அது கொளஞ்சிண்ணன்க்கா. கங்கைகொண்ட சோழபுரத்துக்காரு. முந்திரி வேலை இல்லாத மாசத்துல முடிக்கு வருவாரு. அந்த ஜடையே என்னோடதுதான். டைபாய்டு வந்து கொட்டுதுன்னு வெட்டிப் போட்டேன்ல, அதுக்குத்தான் இந்தத் தூக்குவாளி."

மலர்கொடிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் அழித்தாள். வியாழக்கிழமை காலையில், ஜெயங்கொண்டம் தாண்டி ஏதோ ஒரு ஊரில் கொளஞ்சியைக் கரண்டு கம்பத்தில் கட்டி வைத்து அடித்த வீடியோ, அரியலூர்த் தோப்பு வழியாகச் சுற்றி வந்தது. சாக்கைக் கிழித்துத் தெருவெல்லாம் முடியைக் கொட்டியிருந்தார்கள். "முடி வாங்குறவங்க, முடி வாங்குறவங்க" என்று அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆள் ஆளுக்குப் போன் பிடித்திருந்தார்கள். அவள் அதை முழுசாகப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

கலையரசன் கடைக்கு அவள் எத்தனை தடவை நடந்திருப்பாள் என்று கணக்கில்லை. அவனும் நல்ல பையன், சலித்துக்கொள்ளவில்லை. படத்தை எடுக்கச் சொல்லி நாற்பது தோப்புக்காரர்களுக்கு மேல் எழுதினான். பாதிப் பேர் உடனே எடுத்துவிட்டார்கள். சிலர் ஆதாரம் கேட்டார்கள். ஒரு தோப்பை நடத்தியவர் செத்தே போய்விட்டார், மிஷின் மட்டும் எந்த வீட்டிலேயோ ஓடிக்கொண்டிருக்கிறது, கரண்டு பில் யார் கட்டுகிறார்கள் என்று அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்காவது தெரியுமோ என்னவோ.

"ஜெயங்கொண்டத்துப் பக்கந்தாங்க்கா பெரிய சிக்கல்," என்றான் கலையரசன். "அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கபடியில நம்ம பசங்களுக்கும் அவங்களுக்கும் அடிதடி ஆச்சுல்ல? ராத்திரியெல்லாம் தோப்புலயும் திட்டிக்கிட்டாங்க. புதன்கெழம காலையில அங்க நடத்துறவன் நம்ம தோப்பையே அடைச்சிட்டான். நம்ம ஊர்லேருந்து ஒண்ணும் அவங்களுக்குப் போவாது, அங்கேருந்து ஒண்ணும் நமக்கு வராது."

"நான் அழிச்சது?"

"நீங்க போட்டது செவ்வாக்கெழமையே போயிடுச்சு. அழிச்சது புதன்கெழம சாயங்காலம். அது கதவுக்கு இந்தாண்ட நிக்குதுக்கா."

"அவன்கிட்ட சொல்லித் தொலையேன்."

"யாருன்னு சொல்றது? ரைடர் மாயவன்னு பேரு வச்சிருக்கான். நெசப் பேரான்னே தெரியல. சிங்கப்பூர்ல இருக்கானாம். நான் எழுதுனாலும் வேப்பந்தட்டைன்னா அவனுக்குப் போவாது. வேற தோப்புக்காரங்க மூலமாவும் சொல்லிப் பாத்துட்டேன், வேப்பந்தட்டைக்காரனுக்கு வக்காலத்தான்னு கேக்குறானாம். அங்க புதுசா கணக்குத் தொறக்கலாம்னா அந்த ஊர் ஆளுங்கள மட்டுந்தான் சேக்குறான்." அவன் ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் திறந்து மூடினான். "எவனும் நம்மள பூட்ட முடியாதுன்னு நாந்தாங்க்கா சொன்னேன். இப்புடி ஒரு பக்கம் இருக்கும்னு நான் நெனச்சே பாக்கல."

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "கம்பெனி பேரச் சொல்லும்மா, லெட்டர் போட ஒரு அட்ரஸ் வேணுமில்ல?" என்றார். கம்பெனி இல்லை சார் என்றாள். "கம்பெனி இல்லாம எப்புடிம்மா?" என்று அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். தப்பு என்னுடையது, கொளஞ்சிண்ணன் நல்லவர் என்று அவளே தோப்பில் எழுதியும் போட்டாள். பதினோரு பேர் பகிர்ந்தார்கள். அதில் ஒருத்தி வேணி.

போன வாரம் வேணி கொளஞ்சிக்குப் போன் போட்டிருக்கிறாள். ஒடிந்த கையின் கட்டுப் பிரித்த மறுநாளே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாராம், முதல் ஊரிலேயே துரத்திவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகு மலர்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

ஜெயங்கொண்டத்தில் டவுன் பஸ் மாறி, கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கியபோது கோயில் கோபுரத்துக்கு நேர் மேலே வெயில் நின்றது. விசாரித்துக்கொண்டு போனாள். முந்திரிக்காட்டு ஓரத்தில் பூசாத செங்கல் வீடு. வாசலில் சாக்கை விரித்து ஒரு பெண் சிக்குமுடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள், கொளஞ்சியின் மனைவி பச்சையம்மாள்.

"யாரு வேணும்?"

"கொளஞ்சிண்ணன். நான் வேப்பந்தட்டையிலேருந்து வரேன். பால்வாடி ஆயா."

பச்சையம்மாளின் விரல்கள் முடிக்குள்ளேயே நின்றன. "நீதானா அது?"

"நாந்தான்." பஸ்ஸில் வராத வார்த்தை இங்கே வந்துவிட்டது. "வேணும்னு பண்ணலம்மா."

"வேணும்னு பண்ணியிருந்தா ஏதோ பகைன்னாச்சும் நெனச்சிருப்போம். என்ன, எதுக்குன்னு தெரியாமல்ல அடி வாங்கிட்டு வந்து கெடக்குறாரு."

கொளஞ்சி உள்ளேயிருந்து வந்தார். படத்தில் இருப்பதைவிட வயது கூடத் தெரிந்தது. கட்டுப் பிரித்த வலது கை இடது கையில் பாதியாக இளைத்திருந்தது. திட்டுவார் என்று தயாராகத்தான் வந்திருந்தாள். ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்வது என்றுகூட நினைத்திருந்தாள். "வாங்கக்கா, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்றார் அந்த மனிதர். அவள் என்ன செய்வது என்று தெரியாமல் முடிக் கவரை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி, பழக்கதோஷத்தில் இடது கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"நூறு கிராம் வரும்க்கா. நல்ல முடி. ஆனா இப்ப பாத்திரம் ஒண்ணும் கைவசம் இல்லியே."

"வேண்டாம்ண்ணா, வேண்டாம்."

அவர் அந்த முடியைச் சாக்கில் போட்டார். "எங்கிட்ட பட்டன் போனுதான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க போட்டத நீங்களே எடுத்துட்டா செரியாப் போயிடும்லக்கா?"

"எடுத்துட்டேன்ண்ணா. மறுநாளே எடுத்துட்டேன்."

"அப்பறம் ஏன் இன்னும் இருக்கு?"

கலையரசன் சொன்னதையெல்லாம் சொன்னாள். கபடியை, அடைத்துவிட்டதை, சிங்கப்பூர்க்காரனை, செத்துப்போனவரின் மிஷினை. கலையரசன் சொன்னபோது புரிந்த விஷயம், தன் வாயில் வரும்போது மாட்டிக்கொண்டவள் சொல்கிற சாக்குப் போலவே இருந்தது. கொளஞ்சி பொறுமையாகக் கேட்டார்.

"இது எல்லாத்துக்கும் மேல ஒரு ஆளு இருப்பாருல்ல? எங்கன்னு சொல்லுங்க, நானே போறேன். கால்ல வுழுந்து கேக்குறேன்."

"அப்புடி ஒரு ஆளே இல்லண்ணா."

"ஆளு இல்லாம எப்புடிக்கா, என்னை மட்டும் இத்தன ஊருல தெரியுது?"

 பச்சையம்மாள் எழுந்தாள். சாக்கிலிருந்த முடியைத் தட்டி ஒதுக்கினாள். "பக்கத்தூருக்கு இவரு கூட வண்டியில போ. நாலு பொம்பளைங்கள நிக்க வச்சு நீயே சொல்லு. போன்ல போட்டத வாயால அழி."

அது நல்ல யோசனையாகவே பட்டது. சொல்லப்போனால் ஐம்பத்து நாலு நாளில் யாரும் அவளிடம் செய் என்று சொன்ன, செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான். ஊர் ஊராக இப்படியே போனால் என்ன, ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தால் என்ன என்றுகூட மனசு கணக்குப் போட்டது. டிவிஎஸ் பிப்டியில் நடுவே சாக்கை வைத்து, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டாள். கொளஞ்சி இடது கையில் பாரத்தைப் போட்டு, வலது கையால் ஆக்சிலேட்டரை மட்டும் மெல்லத் திருகி ஓட்டினார். மேடு பள்ளத்தில் அவர் பல்லைக் கடிப்பது பின்னாலிருந்தே தெரிந்தது.

மூன்றாவது கிலோமீட்டரில் அந்த ஊர். ஒரே நீளத் தெரு, ரெண்டு பக்கமும் காலனி வீடுகள். மைக்கை அன்றைக்கே உடைத்துவிட்டார்கள், அதனால் கொளஞ்சி வண்டியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கூப்பிட்டாள்.  "முடி வாங்குறோம், சிக்குமுடி வாங்குறோம்" என்று அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் போனது. ஒரு பெண் எட்டிப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் ஒருத்தி, பிறகு நாலைந்து பேர். கொளஞ்சியின் முகத்தைப் பார்த்ததும் நடை தயங்கியது.

"படத்துல வந்தவரு இவருதான்," என்றாள் மலர்கொடி. "புள்ள புடிக்கிறவரு இல்ல. அத தப்பா போட்ட பொம்பள நாந்தான். எந்தப் புள்ளையும் காணாமப் போவல. இந்தா, என் முடியும் இந்தச் சாக்குலதான் இருக்கு."

 ஒரு நடுவயதுப் பெண் கொளஞ்சியின் கையைப் பார்த்தாள். "பாவி மனுஷங்களா, கையவா ஒடிச்சாங்க?" என்று கேட்டாள். கேட்டது மட்டுமில்லை, வீட்டுக்குள் போய், காகிதத்தில் சுற்றிய முடி உருண்டையோடு வந்தாள். ஒரு சின்னப் பெண் பலூன் கேட்டது. கொளஞ்சி பையில் துழாவி ஒரு சிவப்புப் பலூனை எடுத்து ஊத ஆரம்பித்தார். அவர் கன்னம் உப்புவதைப் பார்த்து ரெண்டு பெண்கள் சிரித்தார்கள். மலர்கொடிக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது.

எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டு வாசல்படியில் ஒரு சின்ன வயசுத் தாய் நின்றாள். இடுப்பில் குழந்தை. அவள் கிட்டே வரவில்லை, இவள் பேசி முடித்த பிறகுதான் வெளியே வந்திருக்க வேண்டும். கையில் போன் உயர்ந்து இருந்தது.

"என்னம்மா படம் எடுக்குற?" என்று மலர்கொடி கேட்டாள்.

"ஒண்ணுமில்லியே" என்று அவள் ஒரு படி பின்னால் ஏறினாள். அந்தக் கண்ணில் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. குழந்தைக்காக வந்த பயம்தான், மலர்கொடிக்கு அது நன்றாகத் தெரிந்த பயம். கட்டைவிரல் எப்படிப் போகிறது என்றும் தெரிந்தது. மேலே போகும், ஒருமுறை நிற்கும், பிறகு கீழே இறங்கி அழுத்தும்.

"வேண்டாம்மா! என்னை ஒரு வார்த்தை கேளும்மா, இங்க வந்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடும்மா!"

ஓடினாள். அவள் ஓடிவருவதைப் பார்த்து அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. மலர்கொடி கதவைத் தட்டினாள். உள்ளே குழந்தை வீறிட்டது. தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

தெருக்கோடி வீட்டில்தான் முதல் குயில் கூவியது. அடுத்து அதற்கு எதிர் வீட்டில். பிறகு வரிசையாக, திறந்த ஜன்னல்களிலிருந்தும், வாசலில் நின்ற பெண்களின் இடுப்பிலிருந்தும் கூவின. முடி உருண்டையை நீட்டிக்கொண்டிருந்த பெண் போனை எடுத்துப் பார்த்தாள், மலர்கொடியைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "ரெண்டு பேரு, ஒரு பொம்பளையும் கூட" என்று யாரோ சத்தமாக வாசித்தார்கள். பலூன் கேட்ட பெண்ணை யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கொளஞ்சி ஊதிய பலூனின் வாயைக் கட்டாமல் விரலால் பிடித்தபடி நின்றார். அடி வாங்கிய அன்றைக்கும் முதலில் இந்தச் சத்தம்தான் கேட்டிருக்க வேண்டும், அவர் இளைத்த கையால் சாக்குக் கயிற்றைத் தேடினார்.

மலர்கொடி முந்தானை முடிச்சிலிருந்து தன் போனை எடுத்தாள். தெரு முழுக்கக் கூவிக்கொண்டிருந்தது. அடைத்த கதவுக்கு இந்தாண்ட நிற்கிற வேப்பந்தட்டைப் போன் அவள் உள்ளங்கையில் சத்தமே இல்லாமல் கிடந்தது.